எடுக்கக் கூடாத மணி

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரி மேகலாவுக்கு ஆபீஸில் கொடுத்தது. ஒரு மாசமாக அரிசி டப்பா மேல் கிடந்தது. "சும்மாதான கெடக்குது அத்தை, ஏதாச்சும் எழுதுங்க. பால் கணக்காவது எழுதுங்க" என்றாள். பால் கணக்கு என் தலைக்குள் இருக்கிறது. அதனால் வேறு எழுதுகிறேன்.

நான் மயிலாத்தாள். அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அப்புறம் மில்லில் நூல் சுற்றினேன். இப்போது சரவணம்பட்டியில் வீட்டோடு இருக்கிறேன். மேகலா என் மருமகள். கம்ப்யூட்டருக்கு உள்ளே வைக்கிற சிப்பை வரைகிற வேலை. என் மகன் பூபதி போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் போய்விட்டான். நெஞ்சு வலிக்கிறது என்றான், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

தோசைக்கல்லைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கல் இரும்புக் கல். என் கல்யாணத்துக்கு வந்தது. சூடேற நேரம் பிடிக்கும், ஏறிவிட்டால் தோசை தானாகக் கழன்று வரும். பூபதிக்குக் கல்லில் இருந்து தட்டுக்கு நேராக வர வேண்டும். "ஆறுன தோசையத் திங்கறதுக்குச் செருப்பத் திங்கலாம்" என்பான். அதனால் வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் விடுவான். இரண்டு மணி அடித்து நின்றுவிடும். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போகும். அது அந்தக் காலத்துக் கணக்கு. அப்புறம் பேசினால் காசே பிடிப்பதில்லை என்று ஆன பிறகும் அவன் மிஸ்டு கால்தான் விட்டான், நானும் எடுத்ததில்லை. மணி அடித்தால் கல்லைப் போடுவேன். அவன் செருப்பைக் கழற்றும்போது முதல் தோசை கல்லில் இருக்கும்.

அவன் போன மறு மாசம் ஒரு நாள் மேகலா பஸ் ஸ்டாப்பில் இருந்து அதே மாதிரி விட்டாள். நல்ல எண்ணத்தில்தான் விட்டாள். நான் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கே போய்விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கூட்டி வந்தார்கள். அதற்கப்புறம் அவள் விடுவதில்லை.

அவள் எப்போது வருவாள் என்று தெரியாது. ஆறு மணிக்கும் வருவாள், ஒன்பது மணிக்கும் வருவாள். அதனால் பொழுது சாய்ந்ததும் கல்லைப் போட்டுச் சிறு தீயில் வைத்துவிடுகிறேன். அவள் வரும் வரைக்கும் எரியும்.

இவ்வளவுதான். கை வலிக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

சிலிண்டர் போடுகிற பையன் வந்தான். "ஏனுங்க்கா, ரெண்டே பேரு இருக்கீங்க. மெஸ்ஸு கிஸ்ஸு வெச்சிருக்கீங்களா?" என்றான். "உனக்கு வெச்சா திங்க வருவியா?" என்றேன். மோர் கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மேகலா இன்றைக்குச் சீக்கிரம் வந்தாள். வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஆறு வருசமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"நீ என்னதான் அம்மிணி அங்க பண்ற?"

"நகத்தளவு சில்லுங்க அத்தை. அதுக்குள்ள ஒரு ஊரே இருக்குது. ஒரு வீட்டுல கணக்குப் போடறாங்க, ஒரு வீட்டுல படம் வரையறாங்க, ஒரு வீட்டுல ஞாபகம் வெச்சுக்கறாங்க. ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்குச் சேதி போயிட்டே இருக்கோணும். அதுக்கு ரோடு போடறதுதான் எங்க வேலை."

"ரோடு போடறதுக்கா இத்தனை படிச்ச?"

"ரோடு சந்திக்கிற எடத்துலயெல்லாம் ஒரு ஆளு நிக்கறான்னு வெச்சுக்குங்க. இப்புடிப் போ, அப்புடிப் போன்னு கை காட்டறதுக்கு. சேதி வந்தாலும் வராட்டியும் நின்னுட்டே இருப்பான். கரண்டத் தின்னுட்டே இருப்பான். காந்திபுரம் சிக்னல் ஆளில்லாத நேரத்துலயும் செவப்பு பச்சைன்னு மாறிட்டே இருக்குதுங்கல்ல, அது மாதிரி. அதுலதான் பாதிக் கரண்டு வீணாப் போகுது."

எங்கள் மில்லில் ஆளில்லாத பக்கம் லைட்டு எரிந்தால் மேஸ்திரி கத்துவார். "அணைச்சுட வேண்டியதுதான?" என்றேன்.

"அணைச்சுடலாமுங்க. ஆனா தூங்கறவன் எந்திரிக்க நேரமாகும்ல? சேதி வந்து காத்துட்டு நிக்கும். அதுக்குப் பின்னால வர்றது நிக்கும். ரோடே அடைச்சுக்கும். அதனால சேதி கெளம்பும்போதே, முன்னால தூங்கிட்டு இருக்கறவனுக்கு ஒரு சின்ன..."

நிறுத்தினாள். கையில் இருந்த வெங்காயத்தைப் பார்த்தாள்.

"ஒரு மிஸ்டு கால் உட்டுருவோம். வந்துட்டு இருக்கறேன், கல்லப் போடுன்னு. ஆபீஸ்ல அது போற கம்பிக்கே மிஸ்டு கால்னுதான் எல்லாரும் பேரு சொல்றாங்க. நான்தான் அத்தை வெச்சேன்."

வெங்காயம் காரம். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் உரிக்கவே இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மேகலாவோடு வேலை செய்கிறவர் ஒருத்தர் வந்தார். சுடலைமுத்து என்று பேர் சொன்னாள். நான் பெரிய மீசையோடு ஒரு ஆள் வரும் என்று இருந்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, செருப்பை வாசலில் ஜோடியாக நேர் வைத்துவிட்டு உள்ளே வந்தான். அம்பாசமுத்திரம் பக்கம். முப்பத்தி மூணு இருக்கும்.

"அம்மா, நீங்கதான் அந்தத் தோசைக்கல் அம்மாவா?" என்றான்.

மேகலா அவனை முறைத்தாள். என் தோசைக்கல்லைப் பற்றி இவனிடம் எதற்குச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு கம்பிக்குப் பேர் வைத்தால் காரணம் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பூபதி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். "சிரிச்ச முகமா இருக்காவ" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்தது. வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தின் முன்னால் நிறையப் பேசுவார்கள்.

இரண்டு பேரும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். அப்புறம் தோசை ஊற்றினேன். கடலைச் சட்னி.

"எங்க ஊர்ல தோசைக்குச் சட்னி தொட்டுக்கிடுவோம்மா. இங்க சட்னிக்குத் தோசையத் தொட்டுக்கிடுதீய."

"ஏன் சாமி, புடிக்கலையா?"

"புடிக்கலைன்னா இத்தன திம்பேனா?"

அது நியாயம்தான். மாவு தீர்ந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவும்போது அடுப்பைப் பார்த்தான். "நாங்க வாரதுக்கு முன்னாடியே கல்லு சூடா இருந்திச்சு போல. மிஸ்டு கால் யாரும் விடலியே?"

"முத்து, கெளம்புங்க, நேரமாச்சு" என்றாள் மேகலா.

அவன் போன பிறகு அவன் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதே டம்ளரை மறுபடியும் கழுவினாள். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

கோபியில் இருந்து சம்பந்தியம்மா ராசாமணி போன் பண்ணினார். மேகலாவின் அம்மா. நல்ல மாதிரிதான். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஏனுங் சம்பந்திம்மா, உடுமலைல ஒரு எடம் வந்திருக்குது. தென்னந்தோப்பு இருக்குது. சம்சாரம் தவறிருச்சு, கொழந்தை இல்லை. புள்ளைக்கு முப்பத்தி ஒண்ணாச்சு. எத்தனை நாளைக்கு இப்புடியே விடறது?"

"ஆமாங்" என்றேன்.

"அவ மாட்டேங்கறா. ஏன் மாட்டேங்கறாளாம்? அத்தை தனியா இருப்பாங்களாம். நான் என்ன சொல்லட்டும்? நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா. பங்குனிக்குள்ள சொல்லிருங்க."

"சொல்றனுங்க" என்றேன்.

சொல்ல வேண்டும். அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. மேகலா போனால் இந்த வீட்டில் நானும் கல்லும்தான். இருந்தாலும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

சொல்லவில்லை. புளி கொட்டை எடுத்தேன். நிறைய இருந்தது.

பிப்ரவரி 15, சனி

சொல்லலாம் என்று இருந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். எண்ணெய்த் தலையோடு இருக்கிற பெண்ணிடம் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. அப்படி ஒரு சாத்திரம் இருக்கிறதா என்று தெரியாது. இருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கரண்டு இல்லை. சொல்லவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மேகலா சரியாகச் சாப்பிடுவதில்லை. தோசையைப் பிய்த்துப் பிய்த்து அடுக்கி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். சம்பந்தியம்மா அவளிடம் மறுபடியும் பேசிவிட்டாரோ என்று பயந்துபோய்க் கேட்டேன். அது இல்லை. சிப்பு தூங்க மாட்டேன் என்கிறதாம்.

"மார்ச்சு முதல் வாரம் வரைபடத்த அனுப்பியாகோணும் அத்தை. அனுப்பிட்டா ஃபேக்டரில பொறிச்சுருவாங்க, அப்புறம் மாத்த முடியாது. கல்வெட்டு மாதிரி. கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கறோம். வேலையே இல்லாத ஒரு மூலைல ரெண்டு சந்தி ஒட்டுக்கா முழிச்சுட்டே இருக்குது. ஏன்னே தெரியல. அதப் பாத்து அக்கம்பக்கமும் முழிச்சுக்குது. இப்புடியே அனுப்புனா நாங்க ரெண்டு வருசம் செஞ்சதுக்கு அர்த்தமே இல்லீங்க."

"குழந்தைய மாதிரி ரெண்டு தட்டுத் தட்டிப் பாரு."

சிரித்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 27, வியாழன்

கண்டுபிடித்துவிட்டார்கள். வாசலில் வரும்போதே சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று.

"அத்தை, எங்க சிப்புல ஒருத்தி மிஸ்டு கால எடுத்துடறாளுங்க."

"அய்யோ, அத எடுக்கக் கூடாதே."

"அதேதான். இந்தச் சந்தில இருக்கறவ மிஸ்டு கால் உடறா. அந்தச் சந்தில இருக்கறவ எடுக்காம கல்ல மட்டும் போடோணும். ஆனா அவ எடுத்து, ‘நான் முழிச்சுட்டேன்’னு திருப்பிச் சொல்றா. இவ அப்பத்தான் தூங்கப் போயிருப்பா. அதக் கேட்டு எந்திரிச்சு, ‘நீ முழிச்சிருக்கியா, அப்ப நானும் முழிச்சிருக்கறேன்’ங்கறா. அதக் கேட்டு அவ மறுபடியும் சொல்றா."

"அப்புறம்?"

"அப்புறம் இதேதானுங்க, விடிய விடிய. சேதி ஒண்ணும் வர்றதில்லை. ரெண்டு பேருக்கும் ஒரு வேலையும் இல்லை. ஒருத்திக்காக ஒருத்தி முழிச்சுட்டு உக்காந்திருக்கறாங்க."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுப்பைப் பார்த்தோம். சிறு தீ எரிந்துகொண்டிருந்தது.

"சட்னிக்கு உப்புப் பத்தல" என்றேன்.

"சரியாத்தான் இருக்குதுங்க அத்தை" என்றாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

வீட்டை ஒட்டடை அடித்தேன். மேகலா போனால் அவள் அறையை என்ன செய்வது என்று நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்றைக்கு நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். ஆனாலும் நல்ல நாள்தான்.

சாயங்காலம் கல்லைப் போட்டுவிட்டு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புது நம்பர். ஒரு மணி. இரண்டு மணி. சரியாக அவன் வருகிற நேரம். கை ஈரத்தோடு எடுத்துக் காதில் வைத்துவிட்டேன்.

"பூபதி?" என்றேன். நான் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பக்கம் காரின் சத்தம் மட்டும். மேகலாவின் குரல் தூரத்தில், "உடாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றது.

அப்புறம் மெதுவாக, "முத்து பேசுதேன்மா" என்றான். "நீங்க எடுத்திருக்கப்படாதுல்லா."

"தெரியாம எடுத்துட்டேன் சாமி."

"அதனால என்ன. இப்பம் எடுத்தாச்சு. ரெண்டு பேரும் வாரோம்மா, சிப்பு வரைபடத்த அனுப்பியாச்சு. சிக்னல்ல நிக்கோம். கல்லைப் போடுங்க."

கல் ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது. இருந்தாலும் தீயைக் கூட்டினேன். அவன் செருப்பை ஜோடி சேர்த்து வைக்கும்போது முதல் தோசை கல்லில் இருந்தது.

மேகலா முகமெல்லாம் சிரிப்பு, ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தெருவுக்கு ஓடவில்லை என்பதைப் பார்த்தாள் போல. நான் ஓடவில்லை. அழவும் இல்லை. தோசை ஊற்ற வேண்டியிருந்தது. அவன் ஒருத்தன் தின்கிற வேகத்துக்கு அழ நேரம் ஏது.

"அம்மா, உங்க பேரையும் அதுக்குள்ள ஒரு ஓரத்துல பொறிச்சிருக்கோம்" என்றான் முத்து. "கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடி வெச்சாலும் தெரியாது. ஆனா இருக்கு."

"தெரியாத எடத்துல எதுக்கப்பா?"

"யாரும் அழிக்க முடியாதுல்லா."

மார்ச் 8, சனி

நேற்றைக்கு முத்துவுக்குத் தோசை வைக்கும்போது மேகலா முறுகலான பக்கத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். ஆறு வருசமாக அவளைப் பார்க்கிறேன். பூபதிக்கும் அப்படித்தான் வைப்பாள்.

சம்பந்தியம்மாவிடம் உடுமலை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

மார்ச் 12, புதன்

மேகலா வேலைக்குப் போன பிறகு முத்துவுக்கு மிஸ்டு கால் விட்டேன். உடனே எடுத்துவிட்டான்.

"எதுக்குய்யா எடுத்த? மிஸ்டு கால்தான உட்டேன்."

"அம்மா, இது வேற மிஸ்டு கால் இல்லியா? இதுக்குத் திருப்பிக் கூப்பிடணும்லா?"

"அதுதான, நீ திருப்பிக் கூப்பிடு, நான் எடுக்கறேன்."

அவன் வைத்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டான். எடுத்தேன். கேட்க வேண்டியதை நேராகக் கேட்டேன். சம்பந்தியம்மாவிடம் இருந்து கற்றுக்கொண்டது.

"ஏப்பா, மேகலாவ உனக்குப் புடிச்சிருக்குதா?"

கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"புடிச்சிருக்கும்மா."

"அவகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். போன தீவாளிக்கு முன்னாடி. முடியாதுன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. ஒண்ணு மட்டும் சொன்னா. ‘எங்கத்தை சாயங்காலமாக் கல்லப் போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. என்னைக்கு அத அவங்களா அணைக்கறாங்களோ, அன்னைக்குப் பேசலாம். அதுவரைக்கும் இந்தப் பேச்சே எடுக்கப்படாது’ன்னா. நான் எடுக்கல."

எனக்குக் கோபம் வந்தது. "நான் அந்தக் கல்ல அணைக்காம வெச்சிருக்கறதே அவளுக்காகத்தான்யா. அவ எப்ப வருவான்னு தெரியாது, வந்ததும் சூடாத் திங்கோணும்னு. எனக்கென்ன, நான் பழைய சோத்தத் தின்னுட்டுப் படுத்துக்குவேன்."

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பை அடக்கினான். அப்புறம் மறுபடியும் சிரித்தான்.

"தப்பா நினைக்காதீய அம்மா. மூணு வாரமா சோறு தண்ணி இல்லாம இந்த எழவத்தான தேடுனோம்."

எனக்கும் புரிந்தது. நான் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு சிரித்தேன்.

மார்ச் 13, வியாழன்

அணைக்கலாம் என்று போனேன். கையைத் திருகில் வைத்தேன். எடுத்துவிட்டேன். நான் முதலில் உண்மையை எழுத வேண்டும். மேகலாவுக்காக மட்டும் அது எரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மேகலா மத்தியானம் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். பொழுது சாய்ந்தது. கல்லைப் போட்டேன், பழக்கத்தில். பற்றவும் வைத்தேன். ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

பூபதி பஸ் ஸ்டாப்பில் இறங்க மாட்டான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கல் சூடாக இருந்தால், அவன் வந்துவிட்டால் சாப்பிடலாம் என்று ஒரு மூலையில் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. கல்லிடம் சொல்லத் தேவையில்லை, அதற்குத் தெரியும்.

"ஆறுனாத் திங்க மாட்டியே சாமி" என்றேன். திருகை மூடினேன். நீலத் தீ ஒரு தடவை எம்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வீட்டில் ஒரு சத்தம் நின்றது. அடுப்புக்கு ஒரு சத்தம் இருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. கல் ஆறும்போது டிக் டிக்கென்றது. கேட்டுக்கொண்டே இருந்தேன். தூங்கிவிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தபடி. அந்த ஐப்பசிக்கு அப்புறம் பொழுதோடு நான் தூங்கியதே இல்லை.

மேகலா வந்து தட்டி எழுப்பினாள். நான் செத்துப்போய்விட்டேன் என்று நினைத்தாளாம், அவள் முகம் வெளிறிக் கிடந்தது. "நல்லாத்தான் இருக்கறேன், தூங்குனேன்" என்றேன். அப்புறம்தான் அடுப்பைப் பார்த்தாள். கல்லில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், கையை மேலே தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் டீச்சரைக் கேட்கிற பிள்ளை மாதிரி.

"ஆறிருச்சுங்க அத்தை."

"ஆறட்டும். இனிமே சிக்னல்ல இருந்து மிஸ்டு கால் உடு. உட்டாப் போடறேன். உடலைனா ஆறுன தோசைதான்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். இன்றைக்கு வெங்காயம் எதுவும் இல்லை.

அப்புறம் நான் சொன்னேன்: "அந்தப் பையன் பேச்ச எடுக்காம வாயக் கட்டிட்டு இருக்கறான். பாவம், எடுக்கச் சொல்லு."

"யாருங்க அத்தை?" என்றாள், யாரென்று தெரியாத மாதிரி. காதெல்லாம் சிவந்துவிட்டது.

"முறுகல் பக்கத்துக்காரன்" என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

சம்பந்தியம்மா கோபியில் இருந்து வந்தார். உடுமலைத் தோப்பின் போட்டோவையும் கையோடு கொண்டு வந்தார். தென்னை நன்றாகத்தான் இருந்தது. நான் விசயத்தைச் சொன்னேன். போட்டோவை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சுடலைமுத்தா? எந்த ஊரு?"

"அம்பாசமுத்திரமுங்க."

"அவ்வளவு தூரமா. நம்ம சனமா?"

"தோசை திங்கற சனமுங்க" என்றேன்.

"நீங்க இதுக்குச் சம்மதிக்கறீங்களா? உங்க மகன் எடத்துல..." என்று நிறுத்தினார்.

"எம்மகன் எடம் அங்கயேதான் இருக்குதுங்க. இது வேற எடம்."

முத்துவைக் கூப்பிட்டிருந்தோம். வந்தான், செருப்பை நேர் வைத்தான். சம்பந்தியம்மா செருப்பையே பார்த்தார். அவன் சாப்பிடுவதையும் பார்த்தார். போகும்போது என் காதில், "இவனுக்குத் தென்னந்தோப்பு பத்தாது, நெல்லு வயலே வேணும்" என்றார். அதுதான் சம்மதம்.

மார்ச் 24, திங்கள்

மணி அடித்தது. எடுக்கவில்லை. கல்லைப் போட்டேன். முதல் தோசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பழகிவிடும்.

ஜூன் 5, வியாழன்

மேகலாவுக்குக் கல்யாணம். கோவில் மண்டபத்தில், கொஞ்சம் பேர்.

நான் பின்னால் பந்திப் பக்கம் நின்றுகொண்டேன். தாலி கட்டுகிற நேரத்தில், தாலி இல்லாத என்னை மாதிரி ஆட்கள் முன்னால் நிற்பதில்லை. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நின்றேன். அம்பாசமுத்திரத்துச் சம்பந்தியம்மாவுக்கும் சமையல்காரருக்கும் சாம்பாரில் தேங்காய் சேர்ப்பதா வேண்டாமா என்று வாக்குவாதம். அதைத் தீர்த்து வைக்கிற சாக்கு எனக்கு வசதியாக இருந்தது.

மேளம் வேகமெடுத்தது. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையில் போன் அடித்தது. ஒரு மணி. இரண்டு மணி. நின்றுவிட்டது.

மேடையைப் பார்த்தேன். மாலையும் பட்டுமாக உட்கார்ந்திருந்த மணப்பெண் கையில் போன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார். முத்து அவரிடம் "ஒரு நிமிசம் சாமி, ஆளு வந்திட்டு இருக்கு" என்றான்.

போனேன். கால் தானாகப் போயிற்று. கூட்டம் வழி விட்டது. மேகலாவுக்குப் பின்னால், அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். ராசாமணி என் கையைப் பிடித்து இழுத்து இன்னும் முன்னால் நிறுத்தினார். அட்சதையை நான்தான் முதலில் போட்டேன். பாதி முத்துவின் கண்ணாடி மேல் விழுந்தது.

ஜூன் 9, திங்கள்

மாடி வீடு காலியாக இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள். "மாடில இருந்து கீழ வர்றதுக்கும் மிஸ்டு கால் உடோணுமுங்களா?" என்று மேகலா கேட்டாள். "உடோணும். ஒழுங்கு ஒழுங்குதான்" என்றேன்.

ஜூலை 30, புதன்

ஆடி மாசம். காற்று ஆளைத் தள்ளுகிறது. மத்தியானம் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. மேகலா. எடுக்கவில்லை. இந்த நேரத்தில் எதற்கு வருகிறாள் என்று யோசித்தேன், ஆனாலும் முறை முறைதான், கையைக் கழுவிவிட்டுக் கல்லைப் போட்டேன். மறுபடியும் அடித்தது. நிற்கவே இல்லை. எடுக்கவில்லை. முத்து நம்பரில் இருந்து அடித்தது. இரண்டு பேரும் வருகிறார்கள் போல என்று தோசை மாவை இன்னும் கொஞ்சம் கரைத்தேன். மறுபடியும் அடித்தது. என்ன இன்றைக்கு இவ்வளவு பசி என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கார் வந்து நின்றது. மேகலா வாசலில் இருந்தே கத்தினாள்.

"எத்தனை தடவை கூப்பிடறது, ஏனுங்க அத்தை எடுக்கல?"

"நீதான எடுக்கக் கூடாதும்பே?"

முத்து வாசல்படியிலேயே உட்கார்ந்து சிரித்தான். செருப்பை நேர் வைக்க மறந்துவிட்டான்.

"சிப்பு வந்துருச்சுங்க அத்தை. பொறிச்சு வந்துருச்சு. காலைல போர்டுல வெச்சுக் கரண்டு குடுத்தோம். அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்."

"வேல செய்யுதா?"

மேகலா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மாவு ஒட்டிய கை.

"தூங்குதுங்க அத்தை. மீட்டர்ல முள்ளே ஆடல. நாங்க பயந்துட்டோம், செத்துப் போச்சோன்னு. அப்புறம் ஒரே ஒரு சேதி அனுப்புனோம். ஒவ்வொரு சந்தியா எந்திரிச்சு, வழி உட்டுட்டு, மறுபடியும் படுத்துக்குச்சு. யாரும் யாருக்காகவும் சும்மா முழிச்சுட்டு உக்காந்திருக்கல. கூப்புட்டா எந்திரிக்குது. கூப்புடலைனாத் தூங்குது."

"நல்ல புள்ளை" என்றேன்.

கல் சூடாக இருந்தது. தப்பான மணிக்குப் போட்டதாக இருந்தால் என்ன, சரியான நேரத்துக்குத்தான் இருந்தது. மத்தியானம் மூணு மணிக்கு மூணு பேரும் தோசை சாப்பிட்டோம். முதல் தோசையை மேகலா என் தட்டில் வைத்தாள், முறுகல் பக்கத்தை என் பக்கம் திருப்பி.

இப்போது அவர்கள் மாடியில் இருக்கிறார்கள். பேச்சுச் சத்தம் கேட்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். கல் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தூக்கத்தில் கண் சொக்குகிறது. வேண்டுமென்றால் கூப்பிடுவார்கள்.